கொப்பியின் கடைசி வரி

அரசாங்கக் கொடுப்பனவை நம்பி உலை வைக்கும் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. அதற்கான பாலும் துணியும் சவர்க்காரமும் எங்கிருந்து வருகின்றன? கல்முனைக் கரையோரத்துச் சில்லறைக் கடையிலிருந்து கிளினிக் தராசு வரை ஒரு பார்வை.

கல்முனைக்குடியில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்கு வீதிகளில் சில்லறைக் கடை இல்லாத வீதி குறைவு. அஸர் தொழுகை முடிந்து மஃரிபுக்கு முந்திய நேரம்தான் இந்தக் கடைகளுக்கு யாவாரம். அப்படியொரு கடை வாசலில் நின்றிருந்தேன். நைலோன் கயிற்றில் ஷம்பூ பக்கற்றுகளுக்குப் பக்கத்தில் பம்பர்ஸும் ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பெரிய பொதியை உடைத்து உதிரியாக விற்பது இங்கே வழக்கம். எந்தக் கம்பனி செய்தாலும் அதற்குப் பெயர் பம்பர்ஸ்தான்.

இடுப்பில் நாலைந்து மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தார்.

"காக்கா, சீனி அரைக் கிலோ, பருப்பு கால் கிலோ, தேங்காய் ஒண்டு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பம்பர்ஸ் ரெண்டும் தாங்க."

"சின்னதா, நடுத்தரமா புள்ள?"

"சின்னது. கொப்பியில போடுங்க. அஸ்வெசும விழுந்தவொடன தாறன்."

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் சீ.ஆர். கொப்பியை எடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களில் அந்த வீட்டுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார். அரிசி, மா, சீனி, பருப்பு, தேங்காய், சவர்க்காரம். குழந்தைச் சாமான் வாங்கிய நாளிலெல்லாம் அது கடைசி வரியில் இருந்தது. பம்பர்ஸ் 2. பம்பர்ஸ் 1. பேபி சோப் 1. பிறகு பல நாளுக்கு ஒன்றுமில்லை. மற்ற வயிறுகளுக்கு வாங்கி முடித்த பிறகுதான் அந்த வரி எழுதப்படுகிறது.

ஏன் இரண்டு மட்டும் என்று கேட்டேன். "ஒண்டு ராவைக்கு. மற்றது நாளைக்குக் கிளினிக் போக. ஊட்டுக்குள்ள கிடக்கிற நேரம் பழஞ்சாரம் கிழிச்ச துண்டுதான்" என்றார். அவர் சொன்னதில் வெட்கமும் இல்லை, முறைப்பாடும் இல்லை. இருக்கிற காசை எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தவரின் பேச்சு அது.

மூன்று வாசல்

இந்தக் கரையில் ஒரு வறிய வீட்டில் குழந்தை வரப்போகிறது என்றால் அரசாங்கத்தின் மூன்று வாசல்கள் திறக்கின்றன. மூன்றும் வெவ்வேறு அலுவலகத்தில், வெவ்வேறு கணக்கில் இயங்குகின்றன.

முதலாவது அஸ்வெசும. சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023 ஜூலையில் வந்தது. 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போட்டு நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். தொடங்கியபோது மிக வறிய வகுப்புக்கு மாதம் 15,000 ரூபாய், வறிய வகுப்புக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய வகுப்புக்கு 5,000, தற்காலிகமாக நொடிந்தவர்களின் வகுப்புக்கு 2,500. 2025 ஜனவரியிலிருந்து முதல் இரண்டும் 17,500, 10,000 என்று கூடின. பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது. அரிசி வாங்கினாலும் சரி, பம்பர்ஸ் வாங்கினாலும் சரி, கேட்பார் இல்லை. அது நல்ல விசயம். ஆனால் இது அரிசிக்கு, இது குழந்தைக்கு என்று அந்தப் பணத்தில் எந்தப் பிரிவும் கிடையாது.

இரண்டாவது, கர்ப்பிணித் தாய்க்கான போஷாக்குக் கொடுப்பனவு. பிரதேச செயலகத்தின் ஊடாக வருவது. மாதம் 2,000 ரூபாயாகப் பத்து மாதத்துக்கு 20,000 என்று தொடங்கி, பொருளாதார நெருக்கடிக்குப் பின் மாதம் 4,500, மொத்தம் 45,000 என்று உயர்ந்தது. வவுச்சராகக் கொடுக்கப்படும் இது உணவுக்கு மட்டும். பயறு, கடலை, பருப்பு, நெத்தலி போன்ற சத்துச் சாமான்களை எடுக்கலாம். சவர்க்காரமோ குழந்தைச் சட்டையோ எடுக்க முடியாது.

மூன்றாவது, கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா. 1973இல் அமெரிக்க உணவு உதவியோடும் கெயார் நிறுவனத்தின் கையோடும் தொடங்கிய திட்டம். சோளம், சோயா, பால்மா, விற்றமின், கனிச்சத்து சேர்த்து ஜாஎலயில் அரைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பாலூட்டும் தாய்மாருக்கும், ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுப்பது வழமை. மாதத்துக்கு 750 கிராம் பொதி இரண்டு.

இவற்றில் பின்னிரண்டு வாசலிலும் பரிச்சயமான முகம் ஒன்றுதான்: குடும்பநல உத்தியோகத்தர், ஊர்ப் பேச்சில் 'மிட்வைஃப் மிஸ்'. கர்ப்பத்தைப் பதிவது அவர், திரிபோஷா தருவது அவர், வவுச்சருக்குக் கையெழுத்தும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இந்நாட்டுத் தாய் சேய் நலம் இந்தப் பெண்களின் கால்நடையில்தான் நிற்கிறது. அம்பாறை மாவட்டம் ஒன்றுதான் என்றாலும் சுகாதாரத்துறைக்கு அது இரண்டு பிராந்தியம். பெரிய நீலாவணையிலிருந்து பொத்துவில் பக்கம் வரை நீளும் கரையோரத்தைக் கல்முனைப் பிராந்தியப் பணிமனை பார்க்கிறது.

ஒன்று எண்பது ரூபாய் என்றால்

இப்போது ஒரு கணக்கு. வாசகர் தம் ஊர் விலையை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரு பம்பர்ஸ் எண்பது ரூபாய் என்று வைப்போம். நாளைக்கு நான்கு. மாதத்துக்கு நூற்றிருபது. 9,600 ரூபாய். வறிய வகுப்புக்குக் கிடைக்கும் 10,000த்தில் மிச்சம் 400. அரிசி, விறகு, மின்சாரம், மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம் அந்த நானூறில்தான்.

ஆகவே யாரும் நாளைக்கு நான்கு வாங்குவதில்லை. துணியைத் துவைக்கிறார்கள். துணியில் தவறொன்றும் இல்லை, எங்கள் எல்லோரையும் வளர்த்தது அதுதான். மருதமுனைத் தறியில் நெய்த சாரம் பத்து வருடம் உடுத்து நைந்த பிறகு அதைப்போல மெதுவான துணி எந்தக் கடையிலும் கிடையாது. ஆனால் துணிக்குத் தண்ணீர் வேண்டும், சவர்க்காரம் வேண்டும், வெயில் வேண்டும். கார்த்திகை மார்கழியில் இந்தக் கரையில் மழை விட்டுவிட்டுப் பெய்யும். ஏணை கட்டிய அறைக்குள்ளேயே கயிறு கட்டித் துண்டுகளைக் காயப்போடுவார்கள். காயாத துண்டைக் கட்டினால் பிள்ளையின் தொடையில் சிவந்து கிளம்பும், பிறகு அதற்கு மருந்து.

அதே மாதங்களில்தான் கடலும் மூடிக்கொள்கிறது. வாடைக்காற்றில் தோணி இறங்காது, கரைவலை வளையாது. துணி காயாத மாதமும் கையில் காசு இல்லாத மாதமும் இங்கே ஒன்றுதான். அஸ்வெசும ஆடிக்கும் மார்கழிக்கும் ஒரே தொகையைத் தருகிறது.

நெசவுக்காரிக்கு வேறு கணக்கு. சட்டப்படி இலங்கையில் தொழில் செய்யும் தாய்க்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு. அது மாதச் சம்பளக்காரிக்கு. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்குத் தறியில் உட்காராத நாள் கூலியில்லாத நாள். நாற்பது நாள் முடிந்ததும் தறிக்குத் திரும்புகிற தாயின் குழந்தை என்ன குடிக்கும் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஐம்பது கிராம்

திரிபோஷாப் பொதி இரண்டு என்றால் ஒன்றரைக் கிலோ. முப்பது நாளைக்குப் பிரித்தால் நாளைக்கு 50 கிராம். கிளினிக்கில் சொல்லித்தரும் அளவும் அதுதான். தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டுச் சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்தால் கைக்கு அடங்கிய உருண்டைகள் சில வரும்.

அந்த உருண்டை தாய்க்கு. ஆனால் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் எட்டு வயது மகனுக்கு அது தெரியாது. தட்டில் உருண்டை இருக்கிறது, எடுக்கிறான். மூன்று வயதுக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நின்றால் அதற்கும் கொடுக்காமல் இருக்க இந்த ஊர்க் கை பழகவில்லை. தாய் விரலில் ஒட்டியதை நக்கிவிட்டுப் பிளேன்டீ ஊற்றப் போகிறாள். கிளினிக் கொப்பியில் அவள் 50 கிராம் சாப்பிட்டதாகத்தான் கணக்கு.

இதற்காகத் தாயைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. "பொதியைக் குடுத்தா ஊட்டுல எல்லாரும் திண்டு முடிக்கிறாங்க" என்பார்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு சத்துணவு மட்டும் இருந்தால் அது எல்லோருக்கும் போகத்தான் செய்யும். கரைவலை இழுத்த மீனுக்கு வலைக்காரர் பங்கு, இழுத்தவர் பங்கு என்று முறை வைத்துப் பிரிக்கத் தெரிந்த ஊர் இது. பங்கிடப் போதுமான மீன் வலையில் இருந்தால்தான் அந்த முறையும் செல்லும்.

2022 அந்த வலை வெறுமையான ஆண்டு. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபாய். 400 கிராம் பால்மா பக்கற் அந்த மார்ச்சிலேயே 790 ரூபாய்க்கு ஏறியிருந்தது. திரிபோஷாவுக்குச் சோளம் கிடைக்காமல் உற்பத்தி தடைப்பட்டது. மூன்று வாசலில் ஒன்று, தேவை உச்சத்தில் நின்ற நேரத்தில் மூடிக் கிடந்தது.

கோட்டுக்குக் கீழே இறங்கினால்

கிளினிக் நாளில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பையனுக்கு நீல நிறக் கார்ட், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்புக் கார்ட். தூக்குத் தராசில் பிள்ளையைத் தொங்கவிடுகிறார்கள், பிள்ளை வீரிட்டு அழுகிறது, மிஸ் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்கிறார், கார்ட்டில் ஒரு புள்ளி விழுகிறது. புள்ளி பச்சையில் விழுந்தால் தாயின் முகம் மலர்கிறது. செம்மஞ்சளுக்கோ சிவப்புக்கோ சரிந்தால் "என்ன குடுக்கிறீங்க பிள்ளைக்கு?" என்ற கேள்வி வரும். கூடவே திரிபோஷாவும் வரும்.

பச்சையில் நிற்கும் பிள்ளைக்குப் பொதி இல்லை.

சுகாதாரத்துறைக்கு இதில் நியாயம் இருக்கிறது. கையிருப்பு அளவானது, அது நலிந்த பிள்ளைக்கு முதலில் போக வேண்டும். ஆனால் வீட்டுப் பக்கத்திலிருந்து அந்த விதியைப் பாருங்கள். கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் முடிந்து போஷாக்குக் கொடுப்பனவு தொடங்கினால் பத்து மாதம் முடியும்போது குழந்தைக்கு நாலு மாதம். தாய்க்கான திரிபோஷா ஆறாம் மாதத்தோடு நிற்கிறது. அந்த ஆறாம் மாதத்தில்தான் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு சோறு ஊட்டத் தொடங்க வேண்டும். மசித்த சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்கிறது கிளினிக். செலவு தொடங்குகிற மாதத்தில் உதவி முடிகிறது. இனி அடுத்த பொதி பிள்ளை கோட்டுக்குக் கீழே இறங்கினால்தான்.

இதைப் படிக்கும்போது இந்த ஊர் மக்களுக்குப் பயான்களில் கேட்ட ஒரு சம்பவம் ஞாபகம் வரும். கலீபா உமர் (ரலி) ஆட்சியில் பிள்ளைகளுக்குப் பொதுநிதியிலிருந்து கொடுப்பனவு இருந்தது. பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் அது என்று விதி. மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டமொன்று தங்கியிருந்த இரவில் காவலாக உலாவிய கலீபா ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்கிறார். தாயிடம் போய்ப் பிள்ளையைக் கவனி என்கிறார். மறுபடியும் அழுகை. மறுபடியும் போகிறார். வந்திருப்பவர் யாரென்று தெரியாத அந்தத் தாய் சலித்துப்போய்ச் சொல்கிறாள்: பிள்ளையைப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், அது மறுக்கிறது, பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் படி கொடுக்கிறார். சுபஹ் தொழுகையில் கலீபாவின் ஓதல் அழுகையில் அமிழ்ந்துபோனதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அன்றே அறிவிப்புப் போனது: இனிப் பிறந்த நாளிலிருந்தே கொடுப்பனவு, பால்மறக்க அவசரப்படாதீர்கள்.

விதி போட்டவர் கெட்டவர் இல்லை. விதியும் கெட்ட நோக்கத்தில் போட்டதில்லை. ஆனால் அது ஒரு தாயைப் பிழையான பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அது கண்ணில் பட்டதும் ஒரே காலையில் மாற்றினார்கள். நமது விதி எந்தத் தாயையும் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லவில்லைதான். பச்சையில் நிற்கும் பிள்ளையைப் பச்சையிலேயே வைத்திருக்க அவளுக்கு அது கைகொடுக்கவும் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடிசன சுகாதார அளவீட்டின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். நெருக்கடிக்கு ஆறு வருடம் முந்திய எண்கள் இவை.

கூப்பன் காலத்தில் சின்னவருக்குத்தான் கூட

மூத்தம்மாமார் இன்றும் அஸ்வெசுமவைக் 'கூப்பன்' என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் யுத்தகாலப் பங்கீடாக வந்தது அரிசிக் கூப்பன். 1953இல் கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பின்னர் மானிய அரிசி படிப்படியாகக் குறைந்து, 1979 செப்டம்பரில் உணவு முத்திரை வந்தது. மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு.

அந்த முத்திரையின் விதியில் ஒரு வரி கவனிக்க வேண்டியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவருக்கு 15 ரூபாய் முத்திரை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20 ரூபாய். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 25 ரூபாய். வயிறு சின்னது, ஆகவே பங்கும் சின்னது என்று அன்றைய அதிகாரிகள் நினைக்கவில்லை. பிள்ளைக்குச் செலவு அதிகம் என்று எழுதி வைத்தார்கள். அரிசி, மா, சீனி, பருப்போடு பால்மாவும் அந்த முத்திரைக்குக் கிடைத்தது. அன்று குழந்தை பிறந்த வீட்டில் குழந்தையின் பெயரால் ஒரு முத்திரை இருந்தது.

அந்தத் திட்டத்தைக் கவிழ்த்தது இன்னொரு வரி. விலை ஏறினாலும் முத்திரையின் தொகை ஏறாது. இரண்டு மூன்று வருடத்தில் அதன் பெறுமதி பாதியளவுக்குக் கரைந்தது. அதன் பிறகு ஜனசவிய, சமுர்த்தி, அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. 1979இன் நல்ல வரியை நாம் மறந்துவிட்டோம். கெட்ட வரி மட்டும் பத்திரமாக இருக்கிறது: இன்றும் தொகை கூடுவது அமைச்சரவை நினைக்கும்போதுதான், சந்தையில் விலை ஏறும்போது அல்ல.

பால்மாப் பயம்

கையில் காசு இல்லாத வீட்டில் குழந்தைப் பால்மா வாங்கும் செலவுதான் மிக ஆபத்தானது. 400 கிராம் பக்கற், முழுக்க அதையே குடிக்கும் பிள்ளைக்கு மூன்று நாலு நாளுக்கு மேல் வராது. மாதக் கடைசியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் தாய்மார் மெதுவாகச் சொல்வார்கள்: கரண்டி குறையும், தண்ணீர் கூடும். போத்தல் நிறைந்திருக்கும், பிள்ளை நிறையாது.

இலங்கை இந்த விசயத்தில் பெருமைப்படலாம். தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களை விளம்பரப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் கோவையை 1983இலேயே கொண்டுவந்து 2002இல் திருத்திய நாடு இது. 2016 அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகில் பல பணக்கார நாடுகள் எட்டாத எண் அது. குர்ஆனின் பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் பாலூட்டலுக்கு இரண்டு முழு வருடம் சொல்வதை இந்த ஊரில் அறியாத உம்மா இல்லை.

அந்த வசனத்தின் அடுத்த பாதியை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தகப்பனின் பொறுப்பு என்கிறது அது. பால் தாய்க்கு இலவசமாக ஊறுவதில்லை. பால்சுறா வறை, முருங்கை இலை, காயம், சோறு என்று இந்தக் கரையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பட்டியலே அதற்குச் சாட்சி. இன்று பால்சுறா என்ன விலை என்று கல்முனை மீன் சந்தையில் கேட்டுப் பாருங்கள். வாப்பாவின் கை வற்றிய வீட்டில், கடல் மூடிய மாதத்தில், அந்தப் பொறுப்பை யாராவது தோளில் வாங்க வேண்டும். தாய்ப்பால் கொடு என்று சொல்லிவிட்டுத் தாய்க்குச் சாப்பாடு கொடுக்காமல் விட்டால் அது பாதி அறிவுரை.

வெளியே என்ன செய்கிறார்கள்

அமெரிக்காவில் உணவு உதவிக் கார்ட் வைத்திருக்கும் தாய் அதைக்கொண்டு குழந்தைப் பால்மா வாங்கலாம், பம்பர்ஸ் வாங்க முடியாது. அது உணவில்லை என்கிறது சட்டம். நமது அஸ்வெசுமவில் அந்தத் தடை இல்லை. அங்கே சட்டம் மறிக்கிறது, இங்கே தொகை மறிக்கிறது. ஆனால் அங்கே 1970களிலிருந்து தாய்க்கும் சேய்க்கும் என்றே ஒரு தனித் திட்டம் உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை அது ஓடுகிறது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்க்கு ஒரு வருடம் வரை, மற்றத் தாய்மாரைவிடக் கூடிய உணவுப் பொதி. தாய்ப்பாலை வாயால் புகழாமல் பொதியால் புகழ்கிற வழி அது.

பின்லாந்து 1938இல் வறிய தாய்மாருக்கு ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கியது. குழந்தைச் சட்டை, துணி, போர்வை எல்லாம் அதற்குள். 1949இல் அதை எல்லாத் தாய்க்கும் விரித்தது. ஒரே நிபந்தனை: நாலாம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். பெட்டிக்காக வந்தவர்களின் உடல்நலமும் கூடவே கவனிக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் தமிழ்நாட்டில் 2015இல் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு என்று 16 பொருள் அடங்கிய பெட்டகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆயிரம் இந்திய ரூபாய் பெறுமதி.

பின்லாந்து பெட்டியைக் காட்டித் தாய்மாரைக் கிளினிக்குக்கு அழைத்தது. நம் தாய்மார் ஏற்கெனவே கிளினிக்கில்தான் இருக்கிறார்கள். பெட்டிதான் இன்னும் வரவில்லை.

ஊர் தரும் பங்கு

அரசாங்கம் விட்ட இடத்தை இந்தக் கரையில் நிரப்புவது உம்மாவின் வீடு. கல்யாணமான பெண் தாய்வீட்டுப் பக்கத்திலேயே குடியிருக்கும் வழக்கம் இங்கே. பிள்ளை பிறந்தால் மூத்தம்மாவின் மடி, சாச்சிமாரின் கை, ராத்தாவின் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சட்டை எல்லாம் தானாக வந்துசேரும். ஒரு ஏணைத்துணியில் நாலு பிள்ளை உறங்கி எழும்பியிருக்கும். குழந்தைச் சாமானில் பாதி இங்கே வாங்கப்படுவதில்லை, கைமாறுகிறது.

ஆனால் கைமாற முடியாதது உணவும் சவர்க்காரமும். அவற்றைக் கொப்பிக்குக் கொடுக்கிறார் கடைக்காரக் காக்கா. வட்டியில்லாமல், கையெழுத்தில்லாமல், 22 குறிகாட்டி பார்க்காமல். அவரிடம் கேட்டேன், வராத கடன் எவ்வளவு இருக்கும் என்று. "சின்னப் பிள்ளைச் சாமானுக்கு நான் கணக்குப் பார்க்கிறல்ல தம்பி" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. சமூகநலத் திட்டமொன்றைச் சில்லறைக் கடைக்காரரின் பெருந்தன்மையில் நிறுத்தி வைக்க முடியாது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்றுதான். போஷாக்குக் கொடுப்பனவைப் பத்தாம் மாதத்தில் நிறுத்தாமல் பிள்ளையின் இரண்டாவது பிறந்தநாள் வரை நீட்டுங்கள். கருவிலிருந்து அதுவரையான ஆயிரம் நாளில் இழந்த வளர்ச்சியைப் பின்னால் ஈடுசெய்வது கடினம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அஸ்வெசுமவில் குழந்தையின் பெயரால் ஒரு தொகையை எழுதுங்கள், 1979இல் எழுதியதுபோல. அந்தத் தொகையை உணவு விலையோடு கட்டுங்கள், 1979இல் கட்டத் தவறியதுபோல விட்டுவிடாமல்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. நாள் தள்ளியது தெரிந்ததும் மிஸ்ஸிடம் பதிந்துகொள்ளுங்கள். கண்பட்டுவிடும் என்று ஐந்தாம் மாதம் வரை மறைத்தால் நட்டம் உங்களுக்குத்தான். வவுச்சரில் எடுக்கும்போது பயறும் நெத்தலியும் முதலில். நெத்தலியை நன்றாகக் கழுவி உப்பெடுத்து, வறுத்து இடித்து வைத்தால் ஆறு மாதத்துக்குப் பின் பிள்ளையின் சோற்றிலும் ஒரு சிட்டிகை போடலாம். கீரி மீனும் முருங்கை இலையும் பால்மாவைவிட மலிவு, சத்திலும் குறையாது. பால் போதவில்லை என்று தோன்றினால் கடைக்குப் போகுமுன் கிளினிக்குக்குப் போங்கள்.

கடைசியாக ஊருக்கு. நோன்பு மாதம் வந்தால் இந்தக் கரையின் பள்ளிவாசல்களில் முப்பது நாளும் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசி ஒருவர், தேங்காய் ஒருவர், இறைச்சி ஒருவர் என்று பட்டியல் போட்டு, ஒரு நாளும் தவறாமல் ஊருக்கே ஊற்றுகிறோம். அப்படிப் பட்டியல் போடத் தெரிந்த ஜமாஅத்துக்கும் ஸகாத் குழுவுக்கும், தம் மஹல்லாவில் இந்த மாதம் எந்தெந்த வீட்டில் குழந்தை பிறக்கிறது என்று மிட்வைஃப் மிஸ் வழியாக, அந்தத் தாய்மாரின் சம்மதத்தோடு கேட்டறிவது பெரிய வேலையல்ல. நாலு சவர்க்காரம், பத்துத் துணித்துண்டு, ஒரு ரப்பர் சீற், ஆறாம் மாதத்திலிருந்து மாதம் முப்பது முட்டை. பெயர் சொல்லாமல், படம் பிடிக்காமல், வீட்டு வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். வருகிற நோன்புக்குக் காத்திருக்க வேண்டாம், பிள்ளைகள் காத்திருப்பதில்லை.